பிற்பகல் 2:40க்கு அலறிய அலாரம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். பதினாறு வயதில் வெல்டிங் வேலைக்குப் போனவன் நான். கதை கட்டிப் பழக்கமில்லை. போன அக்டோபரில், வட டகோட்டாவில், பீட்ரூட் அறுவடை முகாமில் எனக்கு நடந்தது இது.

சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்ரூட்டை லாரி லாரியாகக் கொட்டி, மலைபோல் குவிக்கிற வேலை. இரவு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். வருகிறவர்களில் பாதிப் பேர் ரிட்டயர் ஆன ஆபீஸ்காரர்கள். வீடு மாதிரி கேரவன் வாங்கிவிடுவார்கள். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. பகலெல்லாம் ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். உள்ளே ஏதாவது கீச்சென்றால் ரிப்பேர் பார்க்க என்னிடம் ஓடிவருவார்கள்.

பக்கத்துக் கேரவன் வெர்லினுடையது. இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் நாற்காலி தேய்த்தவர். மனைவி நெட்டி. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு வந்து நின்றார். பிற்பகல் 2:40க்கு விஷவாயு அலாரம் அலறியதாம். கார்பன் மோனாக்சைடு இருந்தால் கத்துகிற பெட்டி அது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

போனேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டேன். ஹீட்டரை அணைத்தேன். அந்த வாயுவை அளக்கிற என் மீட்டரை நீட்டினேன். பூஜ்யம்.

“ஒண்ணுமில்ல,” என்றேன். கட்டிலுக்கு அடியில் கேரவனின் பெரிய பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்கும் இந்தப் பெட்டி ஏமாந்து கத்தும். பேட்டரியை மாற்றினேன்.

மறுநாளும் 2:40. பெட்டியின் முதுகில் தேதியைப் பார்த்தேன். ஆயுசு முடிந்து இரண்டு வருஷம். புதுசு மாட்டினேன். மீட்டரில் பூஜ்யம். ஒண்ணுமில்ல. நெட்டி தலை வலிக்கிறது என்றாள். நாற்காலியில் வளர்ந்த உடம்பு, மண்வெட்டி பிடித்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டேன்.

மூன்றாம் நாள். அதே 2:40. மீட்டரில் அதே பூஜ்யம்.

“ஒண்ணுமில்ல, ஆபீசர். பெட்டியக் கழட்டுனாத்தான் உங்க பயம் போகும்.”

“கழட்டிரு ஆர்லோ. இன்னைக்கும் தூங்கலேன்னா ராத்திரி மெஷின்ல விழுந்து நானே பீட்ரூட்டாயிருவேன்.”

வயரை வெட்டினேன். பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டேன். பெட்டிக்குள் தனியாகப் பேட்டரி கிடையாது. கேரவனின் மின்சாரத்தில்தான் ஓடும்.

நான்காம் நாள். என் கேரவனில் நல்ல தூக்கம். திடீரென்று விழித்தேன். மணி 2:38. ஹீட்டர் ஓடியும் உள்ளே குளிர்ந்துகிடந்தது.

மேஜையைப் பார்த்தேன்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

2:40.

பீப்... பீப்... பீப்... பீப்...

சிறிது இடைவெளி. மறுபடியும் நான்கு.

கையில் எடுத்தேன். வெட்டின வயர் தொங்கியது. சத்தம் நிற்கவில்லை...

மீட்டரைத் தூக்கிக்கொண்டு வெர்லின் கேரவனுக்கு ஓடினேன்.

உள்தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டிய கதவு திறந்துகிடந்தது.

நெட்டி வெளியே தரையில். பேச்சில்லை. வெர்லின் பாதி உடம்பு வாசற்படியில்.

அவரை இழுத்துப் போட்டேன்.

மீட்டர் வாசலிலேயே 410 காட்டியது. நூறைத் தாண்டினாலே ஆபத்து.

இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஹீட்டருக்குள் விரிசல் என்று தீயணைப்புக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அது ஓடும்போது மட்டும் கசியும். நான் அதை அணைத்துவிட்டு, காற்றோட்டமாக்கிவிட்டு, பிறகு அளந்திருக்கிறேன். மூன்று நாளும். எந்த ஆபீஸ்காரனும் அவ்வளவு முட்டாள் இல்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். நெட்டி முந்திக்கொண்டாள்.

“உன்கூட வர்ற பெரியவரக் கூட்டிட்டு வரலியா? அவர்தானே எங்களை இழுத்து வெளிய போட்டாரு. நன்றி சொல்லணும்.”

“யாரு?”

“பழுப்புக் கோட்டு. மூணு நாளும் வந்தாரே.”

இருபது வருஷமாக நான் தனியாகத்தான் வேலை செய்கிறேன்.

வெர்லினைப் பார்த்தேன். அவர் ஆமென்று தலையசைத்துவிட்டுச் சொன்னார்.

“பேசவே மாட்டாரு. நீ ஒண்ணுமில்லன்னு சொல்றப்பல்லாம் உன் பின்னால நின்னு, இல்ல இல்லன்னு எங்களப் பாத்துத் தலைய ஆட்டுவாரு. உங்க ரெண்டு பேருக்கும் ஆகாது போலன்னு... நாங்க கண்டுக்கல.”