நைட்டி இல்லாத தமிழ்நாடு

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலாசாரச் செயலாளர் பொய் சொல்லியிருக்கிறார். என் அம்மா வயதான தடுமாற்றத்தில் கண்காட்சிப் பொம்மையின் மேல் விழுந்துவிட்டாராம். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார், கீழே நாற்பது பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். அம்மா விழவில்லை. அம்மா இழுத்தார், பொம்மை விழுந்தது. ஏன் இழுத்தார் என்பதை நான் எழுதுகிறேன்.

அம்மா குழித்துறையிலிருந்து மூன்று மாத விசாவில் நார்வேக்கு வந்த முதல் வாரம். நைட்டியும் தோளில் துவர்த்துமாக பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். துவர்த்து என்றால் துண்டு, எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அடுத்த பால்கனியில் மழைக்கோட்டோடு நின்ற இங்கிரிட் என்னைக் கூப்பிட்டு, "இன்றைக்கு உங்களுக்கு என்ன பண்டிகை?" என்று கேட்டாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். அவளைக் குறை சொல்ல முடியாது. கணுக்கால்வரை பூப்போட்ட உடை, கழுத்தில் லேஸ், தோளில் மடித்த துணி. இந்த நாட்டில் புனாத் என்று ஒரு தேசிய உடை உண்டு. பூவேலை செய்த கனத்த கம்பளி உடை. தேசிய நாளன்று வெளியே வரும், மற்ற நாளெல்லாம் அலமாரியில் தூங்கும். அதைப்போல இதுவும் ஏதோ என்று நினைத்துவிட்டாள்.

"பண்டிகை இல்லை, தினமும் இதுதான்" என்றேன். "தினமுமா?" என்று தன் மழைக்கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"அவ என்னடீ சொல்லுகா?" என்றார் அம்மா.

"நல்லாருக்காம்."

"அளவெடுக்கட்டான்னு கேளு."

அம்மா சும்மா கேட்கவில்லை. குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் நைட்டி தைக்கும் கடை வைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் வந்து நின்று பாருங்கள். பால் வாங்குகிறவள் நைட்டி, பிள்ளையை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறவள் நைட்டி, மீன்காரரிடம் சாளைக்கு மல்லுக்கட்டுகிறவள் நைட்டி. எல்லார் தோளிலும் துவர்த்து. துவர்த்து இருந்தால் மரியாதை முடிந்தது, அதோடு ரேஷன் கடைவரை போகலாம். "யக்கா, பாக்கெட்டு இல்லாம தச்சிராதிய, போன எங்க போட?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். அம்மா வலப்பக்கம் ஆழமாகப் பாக்கெட் வைப்பார். அதற்காகவே மார்த்தாண்டத்திலிருந்தெல்லாம் ஆள் வரும்.

நானும் யோக்கியம் இல்லை. அம்மா வந்த அன்றே, "கீழ குப்பை போடப் போனா சேலை மாத்திட்டுப் போம்மா" என்றவள்தான். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

நகர நூலகம் எங்கள் சங்கத்துக்கு ஒரு வாரம் கூடம் கொடுத்தது. தலைப்பு, 'தமிழர்களின் அன்றாட வாழ்க்கை'. நாங்கள் தினமும் பயன்படுத்தும் பொருட்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். இந்தச் செய்தியை அம்மா மட்டும்தான் சரியாகப் புரிந்துகொண்டார். இங்கிரிட்டின் தையல் மிஷினை வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து, நீலப் பூப்போட்ட நைட்டி ஒன்று தைத்தார். கூடவே ஒரு புதுத் துவர்த்து. செயலாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

திறப்பு விழாவுக்கு அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். தன் நைட்டியைப் பார்க்க வேண்டுமே. கூடத்தில் அட்டையில் செய்த ஓலைக்குடிசை, விமானத்தில் வந்த உரல், அட்டை மாடு. அந்த உரலில் என்ன செய்வார்கள் என்று ஒரு நார்வேக்காரர் கேட்டதற்கு, நின்ற மூன்று தமிழர்களும் மூன்று பதில் சொன்னார்கள். நடுவில் கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பொம்மை, இடுப்பில் பானை. 'தமிழ்ப் பெண்ணின் ஒரு நாள்' என்று பலகை.

"இவ எங்கோட்டுப் போறா?" என்றார் அம்மா.

"தண்ணி கோர."

"ஏன், மோட்டர் ரிப்பேரா?"

நான் சிரித்து முடிப்பதற்குள் அம்மா குனிந்துவிட்டார். பொம்மை நின்ற இரும்புத் தாங்கியின் சக்கரங்களை மறைக்க ஒரு துணியைச் சுற்றி மேலே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து நீலப் பூ தெரிந்தது. "ஏட்டி, இது எனக்க லேஸாக்கும்" என்று சொல்லி அம்மா இழுத்தார். தமிழ்ப் பெண் மல்லாந்தாள். பானை உருண்டு நூலகரின் காலடியில் போய் நின்றது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்து நார்வேக்காரர்கள் கை தட்டினார்கள்.

செயலாளர் ஓடி வந்தார். "அம்மா, இதெல்லாம் வீட்டுக்குள்ள போடறது. நம்ம கலாசாரம்னு இதைக் காட்ட முடியுமா?"

"ஒங்களுக்க வீட்டுக்காரி காலத்த எழும்பி என்னத்த உடுத்தா?"

"அது வேறம்மா."

"என்ன வேற? சொல்லுங்க, கேக்கேன்."

அவர் பானையைப் பொறுக்கப் போய்விட்டார். அன்று மாலைதான் அந்த வாட்ஸ்அப் செய்தி.

இங்கிரிட்டிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்கள் அருங்காட்சியகத்தில் வெண்ணெய் கடைகிற மரக்குடம் வைத்திருக்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து கடைந்ததில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் உறைந்த பீட்சா" என்றாள். எல்லா நாடும் இப்படித்தான் போல. ஆனால் அவள் பீட்சாவை ஒப்புக்கொள்கிறாள்.

அன்றிலிருந்து அம்மா நைட்டி போடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே காலை முதல் சேலை. என் மகள் வீடு என்று கால் நீட்டி உட்கார்ந்தவர், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காருவதுபோல சோபா நுனியில் உட்காருகிறார். ஊருக்குத் திரும்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. "போடும்மா" என்றால், "வேண்டாம் மக்கா, ஒனக்குக் கொறச்சலு" என்கிறார். முதல் நாள் நான் சொன்னது காதில் விழுந்துதான் இருக்கிறது.

நீல நைட்டியை இங்கிரிட் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் உயரத்துக்கு எட்டவில்லை என்று அம்மா கீழே ஒரு சாண் துணி ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். இப்போது காலையில் அடுத்த பால்கனியில் இங்கிரிட், நைட்டியும் தோளில் துவர்த்துமாக, பாக்கெட்டில் போனோடு காப்பி குடிக்கிறாள். இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்குள், குழித்துறையில் ஊருக்கே நைட்டி தைத்தவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவே பால்கனிக் கதவில் நான் நிற்கிறேன், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.

செயலாளரே, அடுத்த சனிக்கிழமை சங்கக் கூட்டம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன், முதல் வரிசையில் இருப்போம். குழுவில் தட்டச்சு செய்ய வேண்டாம். மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லோரும் கேட்க அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் காலையில் என்ன உடுத்துகிறார்கள்?