அக்கா கவுன் விரித்த தொட்டில்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பேர். மலேசியாவில் பாலோ என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆயாக்கொட்டகையில் வளர்த்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியும் முன்னே குழந்தைகளை என்னிடம்தான் விட்டுப் போவார்கள்.

ஒருத்தியின் கைக்குழந்தை மட்டும் என்னிடம் தங்காது. அதன் அக்கா தூக்கினால்தான் அழுகை நிற்கும். அதனால் பள்ளிக்கூட வயது வந்தும் அந்தப் பெண்ணை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவளோ பள்ளி மணி அடித்ததும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் போய் நிற்பாள்.

எனக்கு மனது கேட்கவில்லை. தாயைக் கூப்பிட்டு, "அவ போட்டுக் கழட்டுன கவுனக் குடு, துவைக்காத" என்றேன்.

"அழுக்குக் கவுனு எதுக்கு ஆயா? நீங்க போட்டுக்கப் போறீங்களா?"

"ஆமா லா, டான்ஸ் ஆடப் போறேன். குடு."

அதைத் தொட்டிலுக்குள் விரித்துக் குழந்தையைப் போட்டேன். முகத்தைத் துணியில் தேய்த்தது, கொஞ்சம் விசும்பியது, அப்படியே தூங்கிவிட்டது. மறுவாரம் அக்கா பள்ளிக்குப் போனாள்.

மத்தியானம் நேரே கொட்டகைக்கு வந்து, தொட்டிலை ஆட்டிக்கொண்டே அன்றைய பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கும் கொஞ்சம் எழுத்து ஒட்டிக்கொண்டது. அதை வைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். பேத்தியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கிறேன்.

"படி தாயி, கேட்போம். நான் எழுதுனத அப்படியே படி. நீயா திருத்திப் படிக்காத."