புளி போட்ட யானைக் காசு

திருச்செங்கோட்டில் ஒரு பாத்திரக் கடையில் எனக்கு எடை போடும் வேலை. உருக்குவதற்காகப் பழைய செம்பு மூட்டை மூட்டையாக வரும். ஓட்டைக் குடத்துக்கும் நசுங்கிய அண்டாவுக்கும் இடையில் சில சமயம் செப்புக் காசுகள் கிடக்கும். ஒரு பக்கம் யானை நிற்கும். இந்தச் சீமையை மைசூர்க்காரர்கள் ஆண்ட காலத்தில் அடித்தவை. முதலாளியிடம் சொல்லி, செம்பு விலைக்கே அவற்றை எடுத்துக்கொள்வேன். அப்படிப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

ஊரில் இன்னும் இரண்டு பைத்தியங்கள் இருந்தன. ஒருவர் தபால்காரர், மற்றவர் தறிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி கிளப்பின் கடைசி பெஞ்சில் மூவரும் கூடுவோம். தரம் பிரிப்பதற்கு எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. தும்பிக்கை தெரிந்தால் முதல் தரம். தும்பிக்கை தேய்ந்து முதுகு மட்டும் தெரிந்தால் இரண்டாம் தரம். யானை போன இடமே தெரியாவிட்டால் மொட்டை. பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் கோப்பதற்காகத் துளை போட்ட காசு எதிலும் சேராது; அது உருக்கத்தான் லாயக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, காசின் மேல் ஏறியிருக்கும் கறுப்பைத் தொடக் கூடாது. அத்தனை காலம் மண்ணில் கிடந்து வளர்ந்த தோல் அது. உரித்தால் காசு செத்துவிடும்.

இத்தனை கறாரான நாங்கள் புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் தேனொழுகப் பேசுவோம். முதல் நாள் காபி எங்கள் செலவு. அவர் கொண்டுவருவது படுமொட்டையாக இருந்தாலும் அந்தச் சொல் வாயில் வரக் கூடாது. "ஆனை படுத்துத் தூங்குதுங்க, எந்திரிச்சா நல்லாருக்கும்" என்பார் தபால்காரர். வந்தவர் சிரித்துவிடுவார். போகும்போது எங்களில் ஒருவர் தம் பெட்டியிலிருந்து ஒரு காசைக் கொடுத்தனுப்ப வேண்டும். மடியில் ஒன்று இருந்தால் அடுத்த வாரமும் ஆள் வந்துவிடுவார் என்பது எங்கள் நம்பிக்கை.

இந்தத் தேனெல்லாம் காபி கிளப்போடு சரி. வீட்டில் நான் வேறு ஆள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். "எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க' வேணுமா உங்க ஊருக்கு?" என்று எங்கள் பேச்சைக் கேலி செய்வாள். ஆனால் கடையைப் பற்றி நான் அடித்துவிடும் பெருமைகளையெல்லாம் கவனமாகக் கேட்பாள். புளி போட்டு விளக்கிய செம்புக்குத்தான் மதிப்பு என்று நான் சொன்னதையும் கேட்டிருந்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் விளக்கியவள், சாயங்காலம் நான் வந்ததும் என் மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து வைத்தாள். உள்ளே இருந்த காசுகள் அத்தனையும் புதுக்குடம் போல மின்னின. "ஒன்னொன்னா தேய்ச்சேன். இனிமே நானும் உங்ககூட உக்காந்து பாக்கட்டா? எனக்கும் தரம் பிரிக்கச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

நான் கத்தினேன். "உன்னைய ஆரு இதையெல்லாந் தொடச் சொன்னது?" என்று ஒவ்வொன்றாக எடுத்து, மொட்டை, மொட்டை என்று சொல்லித் தரையில் வீசினேன். நடுவில் எனக்குத் தெரியாத ஒரு காசு கைக்கு வந்தது. யானையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் துளை. "இந்த ஓட்டைய எங்கிருந்து பொறுக்கிட்டு வந்தே?" என்றேன். அவள் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். விரல் நுனிகள் புளியில் ஊறிச் சுருங்கியிருந்தன. நான் அதைப் பார்த்தேன்.

விளக்கிய காசுகளைப் புதியவர்களுக்குக் கொடுத்தே தீர்த்தேன். பளபளப்பைக் கண்டு எல்லாரும் வாய்கொள்ளாச் சிரிப்போடு வாங்கிப் போனார்கள். ஓட்டைக் காசு, சங்ககிரியிலிருந்து பருத்தி வண்டி ஓட்டி வந்த ஒருவருக்குப் போனது. சில நாள் கழித்து அவள் அந்தக் காசைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன்.

"சின்னப் புள்ளையில என் இடுப்புல கட்டியிருந்தது. உங்க பெட்டியில என்னோடதும் ஒன்னு இருக்கட்டும்னு போட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை.

அடுத்த வாரம் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன். வண்டிக்காரர் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. சங்ககிரி என்ன கடல் கடந்தா இருக்கிறது? விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் நடந்துவிடலாம். பதினைந்து வருஷம் நான் போகவில்லை. நாங்கள் நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். ஆனால் அவள் பெட்டியைத் தொட்டதே இல்லை. பரணில் தூசி துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைப்பாள்.

யுத்தத்தின் நடுவில் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோயிற்று. கொஞ்ச நாளில் சர்க்காரே நடுவில் துளை போட்டுக் காலணாவை வெளியிட்டது. காபி கிளப்பில் அதைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் இத்தனை வருஷத்தில் புதிதாகச் சேர்த்த காசுகளிலேயே சிறந்ததை, தும்பிக்கையும் தந்தமும் முழுசாகத் தெரிகிற கறுப்புக் காசை, மடியில் முடிந்துகொண்டு சங்ககிரிக்கு நடந்தேன். அதைக் கொடுத்து அவளுடையதை வாங்கிவர வேண்டும்.

வண்டிக்காரர் என்னை மறக்கவில்லை. "வாங்க, வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். காசு பத்திரமாக இருந்தது, அவருடைய பேத்தியின் இடுப்பில்.

"வெள்ளிக்கெழமையானா எம்மருமவ புளி போட்டுத் தேச்சு உடுவாளுங்க. பளபளன்னு இருக்குதுங்களா?" என்றார்.

பிள்ளை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. காசைத் திருப்பிப் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் அதே துளை. கேட்டால் கொடுத்துவிடுவார். வாயைத் திறப்பதற்குள் பிள்ளை அதை என் விரலிலிருந்து இழுத்து வயிற்றோடு பொத்திக்கொண்டது.

"என்ன தரமுங்க?" என்றார் வண்டிக்காரர்.

"மொதல் தரமுங்க" என்றேன்.

வீடு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லே காதில் கேட்டது. அதை ஒரு தடவை வீட்டில் சொல்லியிருந்தால் நான் காசு பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள். அவளோடு இருந்த வருஷங்களையெல்லாம் விட, நடக்காமல் போன அந்தக் காலைகளுக்காகத்தான் மனம் இப்போது ஏங்குகிறது.

நானே பொங்கித் தின்கிற அடுப்படியில் புளியைத் தேடி எடுத்து ஊறவைத்தேன். மடியிலிருந்த முதல் தரக் காசை அதில் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு உரிந்து தண்ணீரோடு போனது. விரல் நுனிகள் சுருங்கும்வரை தேய்த்தேன். அவள் தேய்த்த பளபளப்பு வரவில்லை.