கணவனை வெளியே நிறுத்திவிட்டு

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக்குத் தண்ணீர் லாரி வந்து நிற்கும் நேரத்தில், வீட்டிலிருந்தபடியே என் வேலை தொடங்கும். அமெரிக்கக்காரர்களின் நிலப் பத்திரங்களைப் படிப்பதுதான் வேலை. அங்கே ஒருவர் வீடு வாங்கினால், அந்த இடம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் வில்லங்கம் உண்டா என்று பார்த்துச் சொல்ல இங்கே எங்களைப் போல ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் தூங்கும்போது நான் படிப்பேன், அவர்கள் எழுந்திருப்பதற்குள் அறிக்கை போய்ச் சேர்ந்திருக்கும். இருபது வருடமாகச் செய்கிறேன். நன்றாகவே செய்கிறேன். தன்னடக்கத்துக்காக இதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

வழக்கமாக நாலைந்து உரிமையாளர்கள் பின்னால் போனால் போதும். சென்ற வருடம் வந்த ஒரு வேலை அப்படியில்லை. கிழக்குப் பக்கத்து மாநிலம் ஒன்றில் ஒரு பழைய கல் வீடு. அதை வாங்கிய தம்பதிக்கு வாசலில் ஒரு பலகை வைக்க ஆசை. அந்த நிலத்தின் முதல் சொந்தக்காரர் யார், எப்படி வாழ்ந்தார் என்று தேடிப் பிடித்து அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும்.

அதே வாரத்தில்தான் பொழிச்சலூரிலிருந்து அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, நம்ம வீட்டை பில்டர்கிட்ட குடுக்கறதுக்கு எல்லாம் பேசியாச்சு. நீ ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்துடு. ஆதார் மட்டும் எடுத்துட்டு வா, அரை மணி நேர வேலை."

"சரிண்ணா" என்றேன். வேலையில் ஒரு கமாவுக்காக மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். அண்ணன் பேசினால் மட்டும், யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து "சரி" வந்துவிடும்.

அந்த வீட்டைக் கட்டியவர் அப்பா. பள்ளிக்கூட வாத்தியார். உயில் எதுவும் எழுதாமல் போய்விட்டார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான், ஆகவே பாதி எனக்கு; விடுதலைப் பத்திரம் போட்டால் அதுவும் அண்ணனுக்குப் போய்விடும். இது அண்ணனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பாதியைக் கேட்டு வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. பில்டர் கட்டப்போகும் மாடிகளில் ஒரு வீடு மட்டும் என் பெயரில் இருக்க வேண்டும். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஊர் அது. அந்த ஊரில் காலிங் பெல் அடிக்காமல் நுழைய எனக்கு ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். கணவரிடம் சொன்னபோது, "நமக்குத்தான் இங்க வீடு இருக்கே, எதுக்கு?" என்றார். இதற்குப் பதில் எனக்கு நாலு நாள் கழித்துத் தோன்றியது, அதற்குள் அவர் கேட்டதையே மறந்துவிட்டார்.

பெரியவரிடம் வருகிறேன். அந்தக் கல் வீட்டு நிலத்தின் முதல் சொந்தக்காரரை நான் பெரியவர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருநூறு வருடத்துக்கு மேலாயிற்று அவர் வாழ்ந்து. வரிப் பட்டியலில் முதலில் ஒரு குதிரை, இரண்டு மாடு. பிறகு மாடு கூடுகிறது, நிலம் கூடுகிறது. சாலை போடும் மேற்பார்வை ஒரு வருடம் அவர் தலையில் விழுகிறது. பக்கத்து நிலத்துக்காரரின் பன்றி வேலி தாண்டி வந்ததற்கு ஒரு வழக்கு. அவர் பத்திரங்களில் எல்லை சொல்வது நம்மூர் மாதிரியேதான், ஓக் மரத்திலிருந்து கற்குவியல் வரை, அங்கிருந்து ஓடை வரை. மரமும் இல்லை, குவியலும் இல்லை, எல்லை மட்டும் இன்னும் இருக்கிறது.

அவர் நிலம் விற்ற பத்திரங்களின் அடியில் ஒரு சின்னக் குறிப்பு வரும். அந்தக் காலத்தில் அங்கே கணவன் இறந்தால், அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மனைவி சாகும்வரை அனுபவிக்கலாம். அதனால் கணவன் உயிரோடு இருக்கும்போதே நிலத்தை விற்றால், அவள் அந்தப் பாத்தியதையை விட்டுத்தர வேண்டும். நீதிபதி கணவனை வெளியே அனுப்பிவிட்டு, அவளை மட்டும் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்: உன் இஷ்டப்படிதானா, யாராவது மிரட்டினார்களா? அவள் சொன்னதை எழுதி வைப்பார். எங்கள் தொழிலில் இதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. இருக்கிறதா என்று பார்ப்பேன், டிக் அடிப்பேன், அடுத்த பக்கம் போவேன்.

பெரியவரின் முதல் ஐந்து பத்திரங்களில் மனைவிக்கு ஒரு பெயர். அடுத்த மூன்றில் வேறு பெயர், முதல் எழுத்தே வேறு. மூத்தாள் போய்ச் சேர்ந்தாள், இளையாள் வந்துவிட்டாள் என்று நொடியில் முடிவு கட்டினேன். ஆண்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? கடைசிப் பத்திரத்தில், கல் வீட்டையும் சுற்றியுள்ள நிலத்தையும் மூத்த மகனுக்கு எழுதிக் கொடுத்ததில், மனைவியின் குறிப்பே இல்லை. சரி, இளையாளும் போய்விட்டாள். "இரு மனைவியரும் முன்னதாகக் காலமானார்கள்" என்று அறிக்கையில் எழுதிவிட்டு, காபி போடப் போனேன்.

பால் பொங்குவதற்குள் ஏதோ உறுத்தியது. திரும்பி வந்து பத்திரங்களை வரிசையாகத் திறந்தேன். எழுதத் தெரியாத அந்தப் பெண் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட்டிருந்தாள். எல்லோரும் போடுகிற பெருக்கல் குறி இல்லை. ஒரு வட்டம், உள்ளே ஒரு படுக்கைக் கோடு. முதல் பெயருக்கும் அதே வட்டம், இரண்டாவது பெயருக்கும் அதே வட்டம். தேடிப் பார்த்தால், அந்த ஊரில் முதல் பெயருக்குச் செல்லப்பெயர்தான் அந்த இரண்டாவது பெயராம். வீட்டில் கூப்பிடுவதையே எழுத்தர் பத்திரத்தில் எழுதிவிட்டார்.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. பொழிச்சலூரில் பாப்பா என்றால்தான் என்னைத் தெரியும். பத்திரத்துப் பெயரைச் சொன்னால் எதிர் வீட்டுக்காரரே "யாரது?" என்பார். அப்பேர்ப்பட்ட நான் ஒருத்தியை இரண்டு பேராக்கி, இரண்டு பேரையும் சாகடித்திருக்கிறேன்.

அவள் சாகவில்லை. பெரியவர் இறந்த பிறகு நீதிமன்றப் புத்தகத்தில் வருகிறாள், மகனுக்கு எதிராக. "கடைசிப் பத்திரத்தின்போது என்னைத் தனியாகக் கேட்டார்கள், சம்மதமில்லை என்று சொன்னேன், என் பங்கை அளந்து கொடுங்கள்" என்கிறாள். நீதிமன்றம் சொன்னபடி அக்கம்பக்கத்தார் போய் அளந்து கொடுத்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கத்து அறை, அடுப்படி வழியாகக் கிணற்றுக்குப் போய்வர உரிமை, மூன்று ஆப்பிள் மரம். கீழே அதே வட்டம், அதே கோடு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்?

அறிக்கையைத் திருத்தினேன். "முதல் உரிமையாளர்" என்ற தலைப்பை "முதல் உரிமையாளர்கள்" என்று மாற்றி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்பே பதிவை முடிக்க வேண்டும் என்று அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சீக்கிரமே வந்து காத்திருந்தான். பத்திரம் எழுதுகிறவர், "வாங்கக்கா, எல்லாம் ரெடியா கீது. படிக்கவே வாணாம், கையெழுத்து போட்டா போதும்" என்றார். படித்தே பிழைப்பவளிடம்! படித்தேன். என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் இன்றி, அண்ணன்மேல் உள்ள அன்பினாலும் பாசத்தினாலும் என் பங்கை விட்டுவிடுகிறேனாம். விடுதலைப் பத்திரத்தில் விடுதலை யாருக்கு என்று மட்டும் எழுதவில்லை. அண்ணன் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கி வந்து நின்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? பக்கத்துக்குப் பக்கம் கை தன் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

உள்ளே எங்கள் டோக்கன் வந்தது. பதிவாளரம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சம்மதத்தோடதானே எழுதிக் குடுக்கறீங்க?"

"சம்மதம்தான் மேடம்" என்றான் அண்ணன்.

கைரேகை இயந்திரத்தின் சின்னக் கண்ணாடியில் வைக்கப்போன கட்டைவிரலை எடுத்துக்கொண்டேன்.

"மேடம், எங்க அண்ணன் கொஞ்சம் வெளிய இருக்கட்டும். நான் தனியா பதில் சொல்றேன்."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். அவன் ஒன்றும் புரியாமல் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு போனான்.

"சொல்லுங்கம்மா."

"சம்மதம் இல்ல மேடம்."

"அப்ப பதிவு பண்ண முடியாது" என்று அவர் எழுதிக்கொண்டார். இதற்காகவே காத்திருந்தவர் போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கட்டப்போகும் மாடியில் எனக்கு ஒரு வீடு வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேனா பாப்பா?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ணா."

அவன் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தான், விமானம் ஒன்று தாழ்வாக வந்ததால் நிறுத்தினான். அது கடந்து போயிற்று.

"எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டான்.

"கிழக்குப் பக்கம்" என்றேன்.