குடும்பச் சூழ்நிலை காரணமாக

மைப்பேனா கசிந்து விரலில் காய்ந்தால் ஒரு துரு வாடை வரும். அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு விழுப்புரத்தில் நான் படித்த பள்ளியின் ஆபீஸ் அறை நினைவுக்கு வந்து ஆத்திரம் பொங்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பத்தாவது படித்தபோது, பள்ளி வாசலில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று பெயின்ட்டில் எழுதிய பலகை இருந்தது. அந்த நூற்றை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும், பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகுமுன், தேற மாட்டார்கள் என்று அவர்கள் முடிவு கட்டிய பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, "பிரைவேட்டா எழுதட்டும்" என்று "டி.சி." கொடுத்து அனுப்பிவிடுவார்கள், பெற்றோரே கேட்டு வாங்கியதாக ஒரு கடிதம் மட்டும் வேண்டும். அந்தப் பட்டியலில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே வகுப்பில் பாதிப் பேர் பரீட்சைக்கு முந்தின இரவு தூங்க மாட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த ஆரோக்கியமேரி, கெடாரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே சூத்திரங்களை முணுமுணுத்து வருவாள்; கணக்குப் பரீட்சை என்றால் இறங்கியதும் வாந்தி எடுப்பாள். இதற்குப் பெயர் படிப்பாம்.

அவள் கணக்கில் முப்பத்தொன்று எடுத்தாள். பாஸாக நாலு மார்க் குறைவு. தலைமையாசிரியை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அங்கே மேரியும், "மல்லாட்டை" என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை ஆய்ந்துகொண்டிருந்துவிட்டுக் கை மண்ணைக்கூடக் கழுவாமல் வந்திருந்த அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். "உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கே, அந்தம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா" என்றார் தலைமையாசிரியை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை மேற்கொண்டு படிக்க வைக்க இயலவில்லை." மேரி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழுதிக்கீற, படிச்சிக் காட்டு பாப்பா" என்றார் அவள் அம்மா. படித்தேன். "எங்க குடும்பத்துக்கு இன்னா சூழ்நிலை? படிக்க வெக்கமாட்டோம்னு நாங்க எப்ப சொன்னோம்?" என்று கேட்டார். தலைமையாசிரியை மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "ஜல்தி கைநாட்டு வெச்சிட்டுப் போங்கம்மா, மத்தவங்க காத்துக்கினு இருக்காங்க" என்றார் கிளார்க். மேரியின் அம்மா வைத்தார். நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால் என் பெயரும் பட்டியலில் ஏறும் என்று பயந்தேன். இன்றும் அவர்கள்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் பாதி என்மேல்தான். மேரி அதன்பிறகு எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. அந்த ஆண்டும் பலகையில் நூறு அப்படியே இருந்தது.

இப்போது திண்டிவனத்தில் இருக்கிறேன். மைப்பேனா போய்விட்டது, பெயின்ட் பலகை போய் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது, நல்ல கையெழுத்துள்ள பிள்ளையும் இங்கத்துப் பள்ளிக்காரர்களுக்குத் தேவையில்லை. கடிதத்தை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன மாதம், பத்தாவது படிக்கும் என் மகளுக்காக என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டு அதை நீட்டினார்கள். அவள் என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு சைன் மட்டும் போடுங்க மேடம்" என்றார் ஆபீஸில் இருந்தவர். முதல் வரியே "குடும்பச் சூழ்நிலை காரணமாக".

"எங்க குடும்பத்துக்கு இன்னா சூழ்நிலை?" என்று கேட்டேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "நீ கிளாசுக்குப் போ" என்று மகளிடம் சொன்னேன்.