பேர் கேட்டபோது தன் பேரைக் கொடுத்தவர்

ஜமால் பாய் போய்விட்டார் என்ற செய்தி என் வாட்ஸப்பில் வந்தபோது, அதற்குக் கீழே எங்கள் மேனேஜரின் செய்தி ஒன்று இருந்தது. "பேர் அனுப்பவும்." அவ்வளவுதான். முந்தின நாள் எங்கள் யார்டிலிருந்து ஒரு கண்டெய்னர் வேறு கப்பலுக்கான வரிசையில் போய் நின்றுவிட்டது. துறைமுக வாசலிலேயே கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம். ஆனாலும் மேலே யாருக்கோ கோபம் வந்துவிட்டது, அந்தக் கோபத்துக்கு ஒரு பேர் வேண்டும். கௌசல்யா என்று பாதி அடித்து வைத்திருந்தேன். கேட்டில் நின்று கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளி அவள். அந்தப் பேர் போய்ச் சேர்ந்தால் மறுநாள் அவளை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மீதி எழுத்தை அடிக்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான், திருவொற்றியூர் யார்டில் பாயோடும் என்னோடும் வேலை பார்த்த தனசேகரின் அந்தக் குரல் செய்தி வந்தது. "யக்கா, பாய் பூட்டாருக்கா. தூக்கத்துலயே. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்பால எடுக்கறாங்க. வந்துரு."

திருவொற்றியூர் யார்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குப் பேர் அனுப்புவது என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஏதாவது கோளாறு நடந்தால் சாயங்காலத்துக்குள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பேர் போயாக வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. நான் எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்துவிட்டேன். தப்பு நடப்பதற்கு முன்பே பேரைத் தயாராக வைத்திருந்தவர் ஒருவர். மேலே இருப்பவர் திட்டும்போது ஸ்பீக்கரில் போட்டு, திட்டு எங்கள் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டவர் இன்னொருவர். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன மகராசன்தான் அதிகம் பேரை வீட்டுக்கு அனுப்பினார். இவர்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு இப்போது தெம்பில்லை.

ஜமால் பாய் திருவொற்றியூரில் எங்களுக்கு யார்டு சூப்பர்வைசர். இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. நான் முதல் முறையாக கண்டெய்னர்களை அடுக்கத் திட்டம் போட்டுக் கொண்டுபோய்க் காட்டியபோது, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "பரவால்ல, கலீஜா இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டே அதுதான் என்று பிறகு தெரிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாராவது ஃபேனை நிறுத்தினால் அவர்கள் பாடு பேஜார்.

அங்கே ஒரு நாள் விபத்து ஒன்று நடந்தது. அன்று காலையிலிருந்தே அப்போதைய மேனேஜர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். கப்பல் நேரம், சீக்கிரம், சீக்கிரம். பாயும் எங்களை விரட்டிக்கொண்டிருந்தார். ட்ரெய்லர் லாரியின் மேல் கண்டெய்னரைப் பிடித்து வைக்க நான்கு மூலையிலும் லாக் இருக்கும். நான்கையும் திறந்த பிறகுதான் கிரேன் தூக்க வேண்டும். கீழே நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுகிற வேலை தனசேகருக்கு. ஒப்பந்தத்தில் வந்தவன், அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மூன்று மூலையைப் பார்த்தான். நான்காவதும் திறந்திருக்கும் என்று நினைத்துக் கை காட்டிவிட்டான். கண்டெய்னரோடு சேர்ந்து லாரியும் ஒரு பக்கமாக எழும்பியது. கேபினுக்குள் டிரைவர் இருந்தார். கிரேன்காரர் பதறிப்போய் இறக்க, லாரி தடாலென்று தரையில் விழுந்தது.

யார் கை காட்டியது, யார் லாக் திறக்கவில்லை என்று ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தோம். பாய் ஓடிவந்தார். "அத்த அப்பால பாக்கலாம். ஆளுக்கு இன்னா ஆச்சு, பாருங்கடா." டிரைவருக்கு நெற்றி கிழிந்திருந்தது. பாய் தன் துண்டை மடித்து வைத்து அழுத்தி, அலுவலகக் காரில் ஏற்றி அனுப்பினார். அவ்வளவு நேரமும் அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மேனேஜரின் குரல் எனக்கே கேட்டது. பேர் கேட்டார்.

"ஜமாலுதீன். எழுதிக்கோங்க சார்."

"விளையாடாதீங்க பாய். சிக்னல் குடுத்தவன் பேரைச் சொல்லுங்க."

"காத்தாலேர்ந்து நீங்க என்னைத் தொரத்தினீங்க. நான் அவனைத் தொரத்தினேன். உங்க பேரைச் சொல்லட்டா, இல்ல என் பேரே போதுமா சார்?"

ஜமாலுதீன் என்றே எழுதிக்கொண்டு மேனேஜர் போனை வைத்தார்.

தனசேகர் அவர் காலில் விழப்போனான். பாய் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "உன்னைக் காப்பாத்திட்டேன்னு நெனச்சிக்காத. அந்த ஆளு செத்துருந்தா உன் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டேன்." மறுநாளிலிருந்து ஒவ்வொரு லாரியையும் சுற்றிவந்து ஒவ்வொரு லாக்கையும் தொடச் சொன்னார். "கண்ணால பாத்தா பத்தாது நைனா, கையால தொட்டுப் பாரு." தனசேகர் இன்றைக்கும் அப்படித்தான் தொட்டுப் பார்க்கிறான்.

இதற்குக் கிடைத்த பரிசு, அத்திப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன யார்டுக்கு மாற்றல். வண்ணாரப்பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், வெள்ளைச் சட்டையில் நிலக்கரித் தூசியோடு திரும்பி வருவார். அவருக்குக் கீழே வேலை கற்றவர்கள் மேனேஜர் ஆனார்கள். அவர் சூப்பர்வைசராகவே ஓய்வு பெற்றார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

பிறகு ஒரு முறை ராயபுரத்தில் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். "வருத்தமே இல்லையா பாய்?" என்று கேட்டேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இல்லாம இன்னா? டெய்லி அந்த பஸ்ல தொங்கிகினு போய்ப் பாரு, தெரியும். வூட்லயும் திட்டிகினேதான் இருந்தா." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எல்லாத்துக்கும் உன் பேரைத் தூக்கிக் குடுத்துகினு இருக்காத விஜயா. மேலேர்ந்து வர்ற அவசரத்த அப்டியே கீழ தள்ளிவுட்டேன் பாரு, அது என் தப்பு. அதனாலதான் குடுத்தேன். உன் தப்பு அதுல இருந்தா குடு. இல்லன்னா ஒக்காந்து சண்ட போடு."

இறந்த செய்தி வந்த அன்று நான் அவர் வீட்டுக்குப் போனபோது சந்து முழுக்க லாரி டிரைவர்களும் கிரேன்காரர்களும் நின்றிருந்தார்கள். நெற்றியில் தழும்போடு அந்த டிரைவரும் வந்திருந்தார். மேனேஜர் ஆனவர்களில் ஒருவரையும் காணோம். உள்ளே பெண்கள் பக்கம் பாயின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் யாரோ வந்து அழுவறாங்கம்மா. இவ்ளோ பேரைப் பத்தி வூட்ல ஒரு வார்த்த சொன்னதில்ல இந்த மனுசன்." எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, வாய்விட்டு அழுதேன்.

ஆண்கள் அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்குக் கிளம்பிப் போனதும் வெளியே வந்து போனைப் பார்த்தேன். எங்கள் வாட்ஸப் குழுவில் பாய் இறந்த செய்திக்கு மேனேஜர் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, எனக்குத் தனியாக, "பேர் இன்னும் வரலை."

கண்டெய்னர் வரிசை மாறிய அன்று கௌசல்யாவுக்குப் பக்கத்தில் நின்று, நம்பரை முழுசாகப் படிக்கவிடாமல், "அனுப்பு, அனுப்பு" என்று கத்தியது நான்தான். எனக்கு மேலே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், அதனால் கத்தினேன். கௌசல்யா என்று பாதி அடித்ததை அழித்துவிட்டு விஜயா என்று அடித்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னம்மா, உங்க பேரையே அனுப்பியிருக்கீங்க?"

"அவளை நிக்கவிடாம அவசரப்படுத்தினது நான்தான் சார்."

"உங்க பேரைச் சொல்லட்டா" என்று பாய் அன்று கேட்டதை நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என்னை எந்த மூலைக்குத் தூக்கிப் போடுவார்களோ, தெரியாது. இதை எழுதும்போது இன்னும் திங்கட்கிழமை வரவில்லை.

பாயின் தைரியம் எனக்கு வரவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். மேலேயிருந்து அவசரம் வரும்போது அதை என்னோடு நிறுத்திப் பார்க்கிற பழக்கம். அதையும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

என் பேரை அனுப்பிய மறுநாள் காலையில் கௌசல்யா எப்போதும்போல வந்து கேட்டில் நின்றாள். "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டாள். வேண்டியவர் ஒருவர் இறந்துவிட்டார் என்றேன். "அடப்பாவமே" என்றாள். அதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது. அவள் நம்பரைப் பார்க்கப் போனாள்.