காதர் அண்ணன் எழுதாமல் விட்ட பக்கம்: அல் ஐனிலிருந்து துபாய்க்கு

2007 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை துபாய்க்குப் போனோம். ஊர் சுற்ற அல்ல. என்னோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் சுபைதாவின் கணவர் காதர் அண்ணன், கட்டட வேலை நடக்கும் சைட்டில் மாரடைப்பு வந்து இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் போட்டிருந்த இஸ்லாமியக் குடும்பக் காப்பீட்டின் பணத்தை வாங்க வேண்டும். சுபைதா, அவள் மகள் ஆறு வயது ரிஃபா, நான். மூன்று பேர்.

காலை 7.15க்கு வேன். ஆளுக்கு இருபது திர்ஹாம், குழந்தைக்கும் முழு டிக்கெட். சுமார் 140 கிலோமீட்டர். 9.05க்கு பர் துபாயில் இறங்கி, ஒரு திர்ஹாம் கொடுத்துப் படகில் தேராவுக்குக் கடந்தோம். ரிஃபா கடல்பறவைகளை ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே வந்தாள்.

என்னிடம் இருப்பது சாதாரண ஆயுள் காப்பீடு. நான் பிரீமியம் கட்டுகிறேன். நான் இறந்தால் நான் பெயர் எழுதிய என் தங்கைக்குப் பணம் போகும். அண்ணனுக்கு அதில் உள்ள வட்டி பிடிக்கவில்லை. அவர் சேர்ந்த திட்டத்தில் உறுப்பினர்கள் பொதுநிதிக்கு நன்கொடையாகத் தருகிறார்கள், கம்பெனி அதை நிர்வகிக்க மட்டும் செய்கிறது. "ஒருத்தருக்கு ஒருத்தர் கைகொடுக்கறது, ஸ்டெல்லா," என்பார். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

தேராவில் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர் நாகூர்க்காரர். தாள்களைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாமினியா உங்க பேரு இருக்கும்மா. ஆனா இந்தத் திட்டத்துல அது பணத்த வாங்கி வாரிசுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கத்தான். உங்களுக்குக் கால் பங்கு. மீதி அவரோட தம்பிமாருக்கு."

"மகளுக்கு?"

"வளர்ப்பு மகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாதும்மா. உயில் எழுதியிருந்தா மூணுல ஒரு பங்கு வரைக்கும் குடுக்கலாம். எழுதியிருக்காரா?"

ரிஃபாவைப் பத்து நாள் குழந்தையாக எடுத்து வளர்த்தவர்கள் அவர்கள். அந்தக் காப்பீட்டு விண்ணப்பத்தை அண்ணனுக்கு நிரப்பிக் கொடுத்தவள் நான். உயில் பற்றி ஒரு பக்கம் இருந்தது. எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. "அப்புறம் பாத்துக்கலாம் அண்ணே," என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

சுபைதா அழவில்லை. "அப்ப இவ அவருக்கு யாரு?" என்று மட்டும் கேட்டாள். நாகூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பிமார் மனசு வெச்சா அவங்க பங்கக் குடுக்கலாம்மா. சட்டம் அதத் தடுக்கல."

பிறகு பெரிய தம்பி மனசு வைத்தார். தன் பங்கு முழுவதையும் ரிஃபாவுக்கு எழுதிக் கொடுத்தார். சின்னவர் கொடுக்கவில்லை. அவருக்கும் மூன்று பெண்கள். நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் சுபைதா ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டின் அசலையும் எடுத்துச் செல்லுங்கள். பத்து மணிக்குள் போனால் கூட்டம் குறைவு. எந்தக் காப்பீடு எடுத்தாலும், பணம் கடைசியில் யார் கைக்குப் போகும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். வளர்ப்புக் குழந்தை இருந்தால் உயிலை அன்றே எழுதுங்கள்.

குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். ரிஃபா எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசுவதால், நாங்கள் தமிழில் பேசிக்கொண்டது அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தோம். திரும்பும் வேனில் அவள் தமிழில்தான் கேட்டாள்: "உம்மா, நான் இனிமே வாப்பான்னு சொல்லக் கூடாதா?"